ஒரே பெயர் எழுதிய குப்பிகளெல்லாம் ஒன்றல்ல

நுண்ணுயிர்ச் சேகரிப்பு மேற்பார்வைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் சுற்றறிக்கை நேற்று மாலை கைக்கு வந்தது. இரண்டே பத்தி. 16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் மரபணு) வரிசையில் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும் குடல் பாக்டீரியாக்களில் ஒரு குப்பியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ‘நகல்’ என்று பதிவேட்டில் எழுதி ஆட்டோகிளேவுக்கு (கொதி நீராவியில் கிருமிகளை அழிக்கும் கருவிக்கு) அனுப்ப வேண்டும் என்கிறது முதல் பத்தி. இனி வரும் மாதிரிகளுக்கு 16எஸ் மரபணுவின் ஒரு துண்டைப் படித்தால் போதும், இரண்டாவது மரபணுவுக்குப் பணம் ஒதுக்கப்படாது என்கிறது இரண்டாவது. ஃப்ரீசரில் இடம் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த ஃப்ரீசர்களைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்பவன் நான். இடம் இல்லை என்பது உண்மைதான். எந்தத் தட்டில் எந்தப் பெட்டி திணறிக்கொண்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் நீங்கள் நகல் என்று அழைக்கும் குப்பிகளில் பாதிக்கு மேல் நகலா இல்லையா என்பது இன்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை 121 டிகிரி நீராவியில் வைத்து எடுத்த பிறகு தெரிந்துகொள்ளவும் முடியாது. அதனால்தான் இதை உள்ளறைக் குறிப்பாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் மூன்று வாரக் குழந்தை ஒன்றின் மலத்திலிருந்து பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தோம். ஒரே வளர்ப்புத் தட்டில் இரண்டு விதமான காலனிகள் (பாக்டீரியாக் கூட்டங்கள்). ஒன்று குவிந்து பளபளப்பாக, இன்னொன்று கொஞ்சம் தட்டையாக. வித்தியாசம் அவ்வளவுதான். அதுவும் ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள் கையுறை வழியாகப் பார்க்கும்போது, நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோமோ என்று தோன்றுகிற அளவுக்கு மெல்லிய வித்தியாசம். இரண்டையும் தனித்தனியாக வளர்த்து 16எஸ் மரபணுவைப் படித்தோம். இரண்டுக்கும் பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்றே பதில் வந்தது. சரி, ஒன்றுதான் என்று முடிவு செய்து குவிந்த காலனியை உறைய வைத்தேன். தட்டையானதைத் தூக்கிப் போட்டேன். பதிவேட்டில் ‘நகல், நீக்கப்பட்டது’ என்று என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து, தாய்ப்பாலில் உள்ள ஒலிகோசாக்கரைடு சர்க்கரைகளை உண்டு வளரும் பாக்டீரியாவை எங்கள் குழு தேடியது. அந்தக் குழந்தையின் மலத்தில் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று வேறு சோதனைகள் காட்டின. நான் வைத்திருந்த குப்பியை எடுத்து அந்தச் சர்க்கரையில் வளர்த்தேன். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். குழாய் தெளிவாகவே இருந்தது. எச்எஸ்பி60 என்ற இன்னொரு மரபணுவைப் படித்தபோதுதான் புரிந்தது, என்னிடம் மிஞ்சியிருந்தது லாங்கம் துணையினம். தட்டைக் காலனியின் டிஎன்ஏ மட்டும் ஒரு பழைய பெட்டியில் கிடந்தது. அதையும் படித்தோம். அது இன்ஃபான்டிஸ் துணையினம். டிஎன்ஏ இருந்தது, உயிர் இல்லை. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதன் மூன்றாவது வாரக் குடல் இனி யாருக்கும் திரும்பக் கிடைக்காது.

இதை ஒரு சின்னக் கவனக்குறைவு என்று நீங்கள் நினைக்கக்கூடும். அது கவனக்குறைவே இல்லை. இப்போது நீங்கள் எழுதியிருக்கும் விதியைத்தான் நான் அன்று அப்படியே பின்பற்றினேன்.

இந்த இரண்டு துணையினங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் விதி உடையும் இடம் இதுதான். தாய்ப்பாலில் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள் இந்த ஒலிகோசாக்கரைடுகள். குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. செரிப்பது குடலில் இருக்கும் பாக்டீரியா. 2008-ல் இன்ஃபான்டிஸின் முழு மரபணுத்தொகை வெளியானபோது, இந்த வேலைக்கென்றே சுமார் 43 ஆயிரம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு ஒரு மரபணுக் கூட்டம் அதில் இருப்பது தெரிந்தது. சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதங்கள், அதை வெட்டும் நொதிகள் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கின்றன. லாங்கம் துணையினத்தில் பெரும்பாலான திரிபுகளிடம் (ஓர் இனத்துக்குள் இருக்கும் தனித்தனி வழிகளிடம்) இந்தக் கூட்டம் கிடையாது. ஒன்று தாய்ப்பாலை நம்பி வாழ்வது, மற்றது பெரியவர்களின் குடலில் தாவரச் சர்க்கரைகளோடும் வாழப் பழகியது. வாழ்க்கை முறையே வேறு. ஆனால் 16எஸ் மரபணுவில் இவை ஏறக்குறைய ஒன்றேதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு காலத்தில் லாங்கம், இன்ஃபான்டிஸ், சூயிஸ் என்று மூன்று தனி இனங்களாக இருந்தவற்றை 2002-ல் லாங்கம் என்ற ஒரே இனமாக இணைத்தார்கள். 2008-ல் அவற்றை அதே இனத்தின் மூன்று துணையினங்களாக வகுத்தார்கள். வகைப்பாட்டுக்கு அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் ‘ஒரே இனப் பெயருக்கு ஒரு குப்பி’ என்று நீங்கள் ஆரம்பித்தால், ஒரு பெயர் மாற்றத்தைக் காரணம் காட்டி மூன்றில் இரண்டை நாம் அழிக்க வேண்டியிருக்கும்.

16எஸ் மரபணுவை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர்கள், செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்என்ஏவை (16எஸ் அதில் ஒன்று) ஒப்பிட்டுத்தான் 1977-ல் ஆர்க்கியா என்ற தனி உயிர்க்கிளையை உலகுக்குக் காட்டினார்கள். சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள இந்த மரபணு எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிறது. இதன் சில பகுதிகள் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒரே ஜோடி பிரைமரை (தொடக்கத் துண்டுகளை) வைத்து எந்த பாக்டீரியாவிலும் பிசிஆர் செய்ய, அதாவது இந்த மரபணுவைப் பெருக்கி எடுக்க முடிகிறது. நானே ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன். பேரினம் எது என்று தெரிய வேண்டுமானால் இன்றும் முதலில் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் இதன் பலமே நெருங்கிய உறவுகளிடம் பலவீனமாகிவிடுகிறது. 16எஸ் ஆர்என்ஏ புரதமாக மாறுவதில்லை. தானே மடிந்து ரைபோசோமின் எலும்புக்கூடாக நிற்கிறது. ஒரு எழுத்து மாறினால் அதனோடு ஜோடி சேர்ந்திருக்கும் எழுத்தும் மாற வேண்டும், இல்லையென்றால் மடிப்பு குலைந்துவிடும். அதனால் இது மிக மெதுவாகத்தான் மாறும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவர்களை அளக்க அந்த மெதுவான ஓட்டம்தான் தேவை. சமீபத்தில் பிரிந்தவர்களை அதை வைத்து அளப்பது, மணி முள் மட்டும் இருக்கும் கடிகாரத்தில் நிமிடத்தைப் பார்ப்பது போல. புரதம் செய்யும் மரபணுக்கள் அப்படி இல்லை. மூன்று எழுத்துக் குறியீட்டில் மூன்றாவது எழுத்து மாறினாலும் பெரும்பாலும் அதே அமினோ அமிலம்தான் வரும். புரதத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லாமல் எழுத்து மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். எச்எஸ்பி60, ஆர்பிஓபி, ஜிஒய்ஆர்பி மாதிரியான மரபணுக்கள் நெருங்கிய உறவுகளைப் பிரித்துக் காட்டுவது இதனால்தான்.

பிஃபிடோபாக்டீரியங்களில் இதை 2001-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். எச்எஸ்பி60 மரபணுவில் சுமார் 600 எழுத்துத் துண்டு ஒன்றை ஒப்பிட்டபோது, வெவ்வேறு இனங்களுக்கு இடையே சராசரி ஒற்றுமை 85 சதவீதம். அதே இனங்களுக்கு 16எஸ் மரபணுவில் சராசரி 95. நூற்றுக்கு ஐந்து எழுத்து வித்தியாசத்தை வைத்துக்கொண்டு தடுமாறுவதா, நூற்றுக்குப் பதினைந்து எழுத்து வித்தியாசத்தை வைத்துக்கொண்டு தெளிவாகச் சொல்வதா? 600 எழுத்து என்பது ஒரே ஒரு சாங்கர் ஓட்டத்தில் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் வழக்கமான முறையில்) படித்து முடிக்கும் நீளம். 16எஸ் மரபணுவை முழுதாகப் படிக்க இரண்டு பக்கமிருந்தும் ஓட்ட வேண்டியிருக்கிறது. செலவைக் காரணம் காட்டுவதற்கு முன் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம்.

நீங்கள் சொல்லும் ‘ஒரு துண்டு’ இன்னும் மோசம். 16எஸ் மரபணுவில் ஒன்பது மாறும் பகுதிகள் உண்டு. நீங்கள் குறிப்பிட்டிருப்பது நான்காவது பகுதி மட்டும், சுமார் 250 எழுத்து. ஒரு மலத்தில் எந்தெந்தப் பேரினங்கள் ஏறக்குறைய எந்த அளவில் இருக்கின்றன என்று ஒட்டுமொத்தமாகப் பார்க்க அது போதும். அதற்காகத்தான் அது புழக்கத்துக்கு வந்தது. தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்த ஒரு பாக்டீரியாவின் இனப்பெயரை அந்த 250 எழுத்தை வைத்து முடிவு செய்வது வேறு விஷயம்.

அப்புறம் அந்த 99 என்ற எண். இதன் வரலாற்றை நம்மில் பலர் மறந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. 1994-ல் ஸ்டாக்கேபிரான்ட்டும் கோபெலும் எழுதிய கட்டுரையில் 97 சதவீதம் என்ற எல்லை வந்தது. அவர்கள் சொன்னது இதுதான்: 16எஸ் ஒற்றுமை 97-க்குக் கீழே போனால் இரண்டும் வேறு வேறு இனம் என்று தயங்காமல் சொல்லலாம், வேறு சோதனை வேண்டாம். 97-க்கு மேலே இருந்தால் டிஎன்ஏ–டிஎன்ஏ ஒப்பீடு (இரண்டின் மொத்த டிஎன்ஏவையும் ஒப்பிடும் சோதனை) செய்துதான் முடிவுக்கு வர வேண்டும். 97-க்கு மேலே இருந்தால் ஒரே இனம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. 2006-ல் அந்த எல்லை 98.7–99 என்று உயர்ந்தபோதும் பொருள் மாறவில்லை. கீழே போனால் வேறு, மேலே இருந்தால் இன்னும் பார்க்க வேண்டும். வேறுபாட்டை உறுதி செய்ய வந்த எண்ணை உங்கள் சுற்றறிக்கை ஒற்றுமையை உறுதி செய்யும் எண்ணாகத் திருப்பிப் போட்டிருக்கிறது. இந்த ஆபத்தை 1992-லேயே ஃபாக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் எடுத்துக் காட்டினார்கள். 16எஸ் வரிசையில் 99.5 சதவீதத்துக்கும் மேல் ஒத்துப்போன இரண்டு பாசில்லஸ்கள் டிஎன்ஏ ஒப்பீட்டில் தெளிவாக வேறு வேறு இனங்களாக நின்றன.

பிஃபிடோபாக்டீரியத்தைத் தப்பாக எண்ணினால் ஓர் ஆய்வு கெடும். ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா விஷயத்தில் தப்பினால் ஓர் உயிரே ஆபத்தில் விழலாம். இரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவும் ஈ. கோலையும் 16எஸ் மரபணுவில் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்று. மரபணுத்தொகையை வைத்துப் பார்த்தால் ஷிகெல்லா ஈ. கோலைக்குள்ளேயே அடங்குகிற கிளைகள்தான். நோயின் கடுமைக்காகத்தான் தனிப்பெயரை விட்டுவைத்திருக்கிறார்கள். இரத்தபேதியோடு வந்த ஒரு குழந்தையின் மாதிரி எங்களிடம் ஒருமுறை வந்தது. புரதத்தை எடைபோட்டுப் பெயர் சொல்லும் கருவி ஈ. கோலை என்றது. 16எஸ் மரபணுவும் ஈ. கோலை என்றது. இரண்டு சோதனை ஒரே பதிலைச் சொல்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுவது எளிது. ஆனால் இந்த இரண்டுமே ஷிகெல்லாவைப் பிரித்துக் காட்டுவதில் ஒரே மாதிரி தடுமாறக்கூடியவை. அந்த பாக்டீரியா லாக்டோசைப் புளிக்க வைக்கவில்லை, அசையவும் இல்லை என்பதைத் தட்டில் பார்த்த எங்கள் மூத்த தொழில்நுட்பர்தான் சந்தேகப்பட்டார். ஷிகெல்லாவிடம் இருக்கும் ஐபிஏஎச் மரபணுவுக்குப் பிசிஆர் வைத்தோம். பட்டை வந்தது, அதாவது அந்த மரபணு இருந்தது. குடல் செல்லுக்குள் நுழையும் ஈ. கோலைக்கும் அந்த மரபணு உண்டு என்பதால் அதோடு நிற்காமல் சீரம் சோதனையும் செய்து ஷிகெல்லா என்று உறுதி செய்தோம். உங்கள் புதிய நடைமுறையில் அந்த மாதிரி எங்கே போயிருக்கும்? ‘ஈ. கோலை, ஏற்கெனவே உள்ளது, நகல்’ என்று போயிருக்கும்.

ஈ. கோலை என்ற ஒற்றைப் பெயருக்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகங்களில் தினமும் கையாளும் கே-12 திரிபு, 1982-ல் இரத்தபேதியின் காரணமாகக் கண்டறியப்பட்ட ஓ157:எச்7, சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் ஒரு திரிபு என்று மூன்றின் மரபணுத்தொகைகளையும் 2002-ல் ஒப்பிட்டார்கள். மூன்றுக்கும் பொதுவாக இருந்த புரதங்கள் மொத்தத்தில் 39.2 சதவீதம் மட்டுமே. மூன்றும் ஒரே இனம்தான். குடலுக்கு நல்லது என்று மருந்தாகவே கொடுக்கப்படும் நிஸ்லே 1917 திரிபும் இதே இனம்தான். இந்த நான்கையும் நீங்கள் ஒரு குப்பியில் அடைக்கச் சொல்கிறீர்கள்.

தப்பான பெயரோடு ஃப்ரீசரில் கிடந்தாலும் ஒரு குப்பி எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லும் என்பதற்கு ஈ. கோலையின் பேரினத்தைச் சேர்ந்த எஸ்செரிசியா ஆல்பெர்ட்டியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த சில பாக்டீரியாக்களுக்கு 1990-களின் தொடக்கத்தில் ஹாஃப்னியா அல்வி என்ற வேறொரு பாக்டீரியாவின் பெயரை வைத்தார்கள். அன்று கையில் இருந்த உயிர்வேதிச் சோதனைகள் அப்படித்தான் சொல்லின. பிறகு மறுபடி மறுபடி சோதித்ததில் இவை ஹாஃப்னியா இல்லை என்று தெரிந்தது. 2003-ல், அவற்றை முதலில் பிரித்தெடுத்த எம். ஜான் ஆல்பெர்ட்டின் பெயரில் புதிய இனமாக அறிவித்தார்கள். 2012-ல் வந்த ஆய்வு, குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் மரபணு இருப்பதால் ஈ. கோலை என்று பெயரிட்டு வைத்திருந்தவற்றில் கணிசமான பங்கு உண்மையில் ஆல்பெர்ட்டி என்று காட்டியது. பத்து வருடங்களுக்கு மேல் தவறான பெயரோடு அந்தக் குப்பிகளை யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருந்தார். ‘ஹாஃப்னியாவுக்கு ஒன்று போதும்’ என்று அவர் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லாக்டோபாசில்லஸ் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கதை இதேதான். ஆசிடோஃபிலஸ் என்ற ஒரே பெயரில் இருந்தவற்றை 1980-ல் டிஎன்ஏ ஒப்பீடு செய்தபோது ஆறு குழுக்களாகப் பிரிந்தன. கேசி, பாராகேசி, ராம்னோசஸ் மூன்றும் 16எஸ் மரபணுவில் இன்றும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. 2020-ல் அந்தப் பேரினத்தையே 25 ஆகப் பிரித்துவிட்டார்கள். பெயர்கள் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும். மாறாதது குப்பிக்குள் இருக்கும் உயிரும் அதன் வரிசையும்.

ஒரு புதிய பாக்டீரியாவுக்குப் பெயர் சூட்ட வேண்டுமானால் அதன் மாதிரித் திரிபை (அந்தப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் திரிபை) இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேகரிப்புகளிலாவது உயிரோடு ஒப்படைக்க வேண்டும் என்று சர்வதேசப் பெயரிடல் விதி சொல்கிறது. ஒன்று அழிந்தாலும் இன்னொன்று இருக்க வேண்டும் என்ற கவலை அந்த விதியில் தெரிகிறது. நம் குழு மட்டும் எதிர்த்திசையில் நடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். ஒரே நபரின் ஒரே தட்டிலிருந்து பத்துக் காலனி எடுத்தால் அதில் எட்டு உண்மையிலேயே நகலாக இருக்கும், அதை எல்லாம் காலம் முழுவதும் காப்பாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. நானும் கேட்கவில்லை. நகலை நகல் என்று நிரூபித்த பிறகு அழிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அதற்கு மலிவான வழி பல வருடங்களாக நம் கையிலேயே இருக்கிறது. ஜிடிஜி5 என்ற ஒற்றைப் பிரைமரை வைத்து ஒரு பிசிஆர், அப்புறம் டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஒரு ஜெல். மரபணுத்தொகை முழுக்கச் சிதறிக் கிடக்கும் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைப் பிடித்து, ஒவ்வொரு திரிபுக்கும் ஒரு பட்டை வரிசையைக் கொடுக்கும். வரிசை வேறாக இருந்தால் குப்பியும் வேறு. ஒன்றாக இருந்தால் மட்டும் இரண்டாவது மரபணுவைப் படித்துப் பார்க்கலாம். மாலை வேலை முடிவதற்குள் ஒரு பெட்டியில் கணிசமான பகுதியைத் தரம் பிரித்துவிட முடியும். இதைச் செய்து பழகியவர்கள் இன்னும் நம் ஆய்வகத்தில் இருக்கிறார்கள்.

முழு மரபணுத்தொகையைப் படிக்கும் காலம் வந்துவிட்டதே, ஒற்றை மரபணுவுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்றும் ஓர் உறுப்பினர் என்னிடம் நேரில் கேட்டார். நியாயமான கேள்வி. முழுத்தொகை படித்தால் இனத்தின் எல்லையைச் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை (இரண்டு மரபணுத்தொகைகளின் எழுத்துகள் சராசரியாக ஒத்துப்போகும் அளவு) 95–96 சதவீதம் என்ற அளவில் தெளிவாகப் பார்க்கலாம். ஒற்றை மரபணு மற்றொரு பாக்டீரியாவிடமிருந்து கடன் வாங்கப்பட்டதாகவும் இருக்கக்கூடும் என்ற சிக்கலும் அங்கே இல்லை. அந்தச் சிக்கலுக்காகத்தான் ஈ. கோலைக்கு ஒன்றோடு நிறுத்தாமல் ஏழு மரபணுக்களைப் படித்து வகை எண் கொடுக்கிறார்கள். ஆனால் முழுத்தொகைக்கான நிதி நமக்கு எப்போது வரும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அது வரும்வரை இரண்டாவது மரபணு வேண்டும். அது வரும் நாளில் படிப்பதற்குக் குப்பியில் உயிரும் வேண்டும்.

அதனால் உங்களிடம் நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையில் குறித்த ஆட்டோகிளேவ் தேதியை உடனே நிறுத்தி வையுங்கள். இதற்கு நிதியும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், தலைவரின் ஒரு கையெழுத்து போதும். இந்த வாரத்திலேயே அது நடக்க வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு பெட்டிகளை வெளியே எடுத்து வைக்கும்படி ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

‘நகல்’ என்ற சொல்லுக்கு எழுத்தில் ஒரு வரையறை தாருங்கள். ஒரே கொடையாளியிடம் ஒரே சமயத்தில் எடுத்தது, ஜிடிஜி5 பட்டை வரிசை ஒன்று, புரதம் செய்யும் ஒரு மரபணுவின் வரிசை ஒன்று என்ற மூன்றும் பொருந்தினால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். 16எஸ் மரபணுவின் ஒற்றுமையை மட்டும் காரணம் காட்டி எந்தக் குப்பியையும் அழிக்கக் கூடாது. வேறு வேறு மனிதர்களிடமிருந்து வந்தவற்றை எந்த நிலையிலும் நகல் என்று அழைக்கக் கூடாது.

இரண்டாவது மரபணுவுக்கான ஒதுக்கீட்டைத் திரும்பக் கொடுங்கள். பிஃபிடோபாக்டீரியத்துக்கு எச்எஸ்பி60, லாக்டோபாசில்லஸ் குடும்பத்துக்கு ஃபெனைல் அலனில் டிஆர்என்ஏ சிந்தேஸ் மரபணு, ஈ. கோலை பக்கம் ஆர்பிஓபி அல்லது ஜிஒய்ஆர்பி. லாக்டோசைப் புளிக்க வைக்காத எந்த ஈ. கோலைக்கும் ஐபிஏஎச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் (இன்னொரு குடல் பாக்டீரியா) என்று பெயர் வரும் ஒவ்வொன்றுக்கும் அதன் நச்சு மரபணு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நச்சு உள்ளதும் இல்லாததும் அந்தப் பெயரிலேயே நம் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பதிவேட்டில் பெயரை மட்டும் எழுதுவதை நிறுத்துவோம். எந்த மரபணு, எந்தப் பகுதி, எத்தனை எழுத்து படித்தோம், எந்தத் தரவுத்தளத்தோடு எந்தத் தேதியில் ஒப்பிட்டோம் என்பதும், படித்த வரிசையும் குப்பி எண்ணோடு சேர்ந்து இருக்க வேண்டும். பெயர் நாளைக்கு மாறினால் வரிசையை மறுபடி ஒப்பிட்டுப் பெயரைத் திருத்திக்கொள்ளலாம். இந்தப் படிவத்தை நானே தயார் செய்து தருகிறேன். பழைய பதிவுகளை அதில் ஏற்றும் வேலையையும் என் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.

இடப் பற்றாக்குறைக்கு என் யோசனை, உறைந்த குப்பிகளில் ஒரு பகுதியை உறைய வைத்து உலர்த்திய தூளாக மாற்றி வைப்பது. அதற்கு மைனஸ் 80 டிகிரி வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் குளிரே போதும். உலர்த்தும் கருவி நம் கட்டடத்திலேயே இன்னொரு பிரிவில் இருக்கிறது, வாரத்தில் பாதி நாள் சும்மாதான் நிற்கிறது. அதைப் பயன்படுத்த அனுமதி வாங்கித் தாருங்கள். சில பாக்டீரியாக்கள் உலர்த்துவதைத் தாங்காது. எவை தாங்கும் என்று முதலில் சோதித்துப் பார்த்துப் பட்டியல் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. இந்த மாதிரி முடிவுகளை எடுக்கும் கூட்டத்தில் தட்டைத் தொட்டு வேலை செய்பவர்களில் ஒருவராவது உட்கார வேண்டும். அந்த ஷிகெல்லாவைச் சந்தேகப்பட்ட மூத்த தொழில்நுட்பரின் பெயரை நான் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவரை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள்.

ஆட்டோகிளேவ் தேதி நிறுத்தப்பட்டதா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வெளியே எடுத்த இரண்டு பெட்டிகளையும் மறுபடி ஃப்ரீசரிலேயே வைத்திருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
குடல் நுண்ணுயிர்ச் சேகரிப்பின் பொறுப்பாளர்